முதுமையில் விழாமல் இருக்கச் சமநிலைப் பயிற்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது வயதைக் கடந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தாமாகவே நடமாடுபவர்களை, கைத்தடி ஊன்றியாவது வீட்டுக்குள்ளும் வெளியிலும் போய்வருபவர்களை மனத்தில் வைத்தே விடைகள் எழுதப்பட்டிருக்கின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கும், அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவர்களுக்கும் தேவைப்படும் பயிற்சிகள் வேறு.

வயதானால் விழுவது இயற்கைதானே? பயிற்சியால் அதைத் தடுக்க முடியுமா?

65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்ததன் விளைவாக இறக்கிறார்கள்; எதிர்பாராத காயங்களால் நேரும் இறப்புகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். பலருக்கும் நடக்கிறது என்பதாலேயே ஒன்றை இயற்கை என்று விட்டுவிட முடியாது. வீடுகளில் வசிக்கும் முதியவர்களிடம் நடத்தப்பட்ட 108 சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்து, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன் 2019-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, உடற்பயிற்சி செய்தவர்கள் விழுந்த எண்ணிக்கை செய்யாதவர்களைவிட 23 விழுக்காடு குறைவு என்று கண்டது. சமநிலைப் பயிற்சியோடு தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் சேர்ந்த இடங்களில் அந்தக் குறைவு 34 விழுக்காடாக இருந்தது.

இந்த எண்களைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பயிற்சி செய்பவர் விழவே மாட்டார் என்பது இதன் பொருள் அல்ல. ஒரு கூட்டத்தில் 100 முறை நேர்ந்திருக்க வேண்டிய விழுதல் 77 முறையாகவோ 66 முறையாகவோ குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் தவிர்க்கப்பட்ட அந்த 23-இல் ஒன்று, ஒருவருடைய இடுப்பெலும்பை முறித்து அவரைப் படுக்கையில் தள்ளியிருக்கக்கூடிய விழுதலாக இருந்திருக்கலாம். இந்த அளவுக்குப் பயன் தரும் மாத்திரை எதுவும் இதுவரை இல்லை.

இளம் வயதில் இருந்த சமநிலை ஏன் குறைகிறது?

நிமிர்ந்து நிற்பதற்கு உடல் மூன்று இடங்களிலிருந்து செய்தி பெறுகிறது. கண் சுற்றுப்புறத்தைக் காட்டுகிறது; உள்காது தலை எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று சொல்கிறது; பாதத்தின் தோலும் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டுகளும் உடலின் எடை எங்கே இறங்குகிறது என்று தெரிவிக்கின்றன. மூளை இம்மூன்றையும் ஒப்பிட்டுத் தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது. வயதாகும்போது மூன்றுமே கொஞ்சம் கொஞ்சமாக மங்குகின்றன. நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு மூன்றாவது வழி பாதி அடைபட்டே போகிறது.

இந்த இழப்பு வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம், மற்ற இரண்டின் குறையையும் கண் ஈடுகட்டிவிடுவதுதான். முகத்தில் சோப்பு தேய்த்துக் கண்ணை மூடிய நொடியில் உடல் ஒரு பக்கமாகத் தள்ளுவதும், கை தானாகக் குழாயைப் பற்றுவதும் பலருக்குப் பழக்கமான அனுபவம். அந்த நேரத்தில் கண் விடுப்பு எடுத்துக்கொள்ள, பாதமும் உள்காதும் தனியே வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. இரவில் விளக்கைப் போடாமல் எழுந்து போகும்போதும் இதுவேதான் நடக்கிறது.

இன்னொரு காரணம் தசையின் வேகம். கால் எதிலாவது இடறும்போது, அடுத்த காலை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முன்னே கொண்டுபோய் ஊன்றியாக வேண்டும். வயதாகும்போது தசையின் வலுவைவிட அதன் வேகம் விரைவாகக் குறைகிறது. சட்டென்று சுருங்கும் தசைநார்கள்தாம் முதலில் மெலிகின்றன. கனமான பையைத் தூக்க முடிகிற ஒருவர் சின்னஞ்சிறு மிதியடியில் தடுக்கி விழுவதை இப்படித்தான் விளக்க முடியும்.

நான் தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன். அது போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படித்தால் நல்லது.

நடை இதயத்துக்கும், சர்க்கரை அளவுக்கும், மனத்துக்கும் நல்லது. அதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. ஆனால் சமதளத்தில், பழகிய பாதையில், பழகிய வேகத்தில் நடப்பது உடலுக்கு ஏற்கெனவே கைவந்த வேலை. கைவந்த வேலையை எவ்வளவு நேரம் செய்தாலும் புதிய திறன் வளர்வதில்லை. மேற்சொன்ன 2019 ஆய்வறிக்கையும், நடை மட்டும் விழுதலைக் குறைக்கிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறுகிறது.

1997-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் சோதனை இன்னும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் கை எலும்பு முறிந்திருந்த பெண்களில் ஒரு குழுவினரை விரைவாக நடக்கச் சொன்னார்கள். மற்றக் குழுவினருக்குக் கைப் பயிற்சிகள் மட்டும் தந்தார்கள். விரைவாக நடந்தவர்களே அதிகம் விழுந்தார்கள். யோசித்தால் இதில் வியப்பு இல்லை. ஏற்கெனவே தடுமாறுகிறவரின் வேகத்தைக் கூட்டி மேடுபள்ளமான தெருவில் அனுப்பினால், விழுவதற்கான வாய்ப்புகளைத்தான் கூட்டுகிறோம். ஆகவே அண்மையில் விழுந்தவர்கள் முதலில் சமநிலைப் பயிற்சியைத் தொடங்கி, கால் ஓரளவு உறுதிப்பட்ட பிறகு நடையின் வேகத்தைக் கூட்டுவதே முறை.

அப்படியென்றால் எதைத்தான் சமநிலைப் பயிற்சி என்று சொல்கிறீர்கள்?

செய்யும்போது கொஞ்சம் தள்ளாட வேண்டும், அதுதான் அடையாளம். தள்ளாடுவதும், உடல் அதைத் தானே சரிசெய்துகொள்வதும் மாறி மாறி நடந்தால்தான் சமநிலை பழகும். பாறைபோல் அசையாமல் செய்ய முடிகிற பயிற்சி, அந்த நபருக்கு அந்த நாளில், சமநிலைப் பயிற்சி அல்ல.

பயிற்சியைக் கடினமாக்க மூன்று வழிகள் உண்டு. பாதங்களை நெருக்கி வைத்து, உடல் நிற்கும் அடித்தளத்தைச் சுருக்குவது ஒன்று. நின்ற இடத்திலிருந்து எட்டுவது, திரும்புவது, படியில் கால் மாற்றி வைப்பது என்று உடலின் எடையை அங்குமிங்கும் நகர்த்துவது இரண்டாவது. மூன்றாவது, கைப்பிடியைக் குறைப்பது.

இந்த மூன்றாவதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். சமையல் மேடையையோ நாற்காலியின் முதுகையோ இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு ஒற்றைக் காலில் ஒரு நிமிடம் நிற்பவர், பார்ப்பதற்கு நன்றாகச் செய்வதுபோல் தோன்றுவார். விரல்களைப் பாருங்கள்: கணுக்கள் வெளுத்திருக்கும். அவருடைய எடையில் ஒரு பங்கு கைவழியாக மேடையில் இறங்கிக்கொண்டிருக்கும்; பயிற்சி பெறுவது கால் அல்ல, கை. அவரிடம் கையை எடுக்கச் சொல்லக்கூடாது; அது ஆபத்து. இரண்டு கையை ஒரு கையாக்கச் சொல்லலாம். சில நாள் கழித்து உள்ளங்கையைத் தூக்கி விரல் நுனிகளை மட்டும் வைக்கச் சொல்லலாம். பிறகு இரண்டு விரல், பிறகு ஒரு விரல். கடைசியில் விரல் மேடைக்கு மேலே ஓர் அங்குல உயரத்தில், தேவைப்பட்டால் தொட்டுக்கொள்ளும்படி நிற்கும். இத்தனைக்கும் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். ஒரு விரலின் தொடுகையே மூளைக்கு நல்ல செய்தி தருகிறது என்பதால், ஒரு விரலில் நின்றவர் அதையும் எடுத்தவுடன் மறுபடி தள்ளாடுவார். அப்போது மனம் தளர வேண்டியதில்லை.

இதே காரணத்தால், முதியவர்களுக்கென்று நடத்தப்படும் வகுப்புகளில் முழு நேரமும் நாற்காலியில் உட்காரவைத்துக் கைகால்களை அசைக்கச் சொல்வது எனக்கு நிறைவு தருவதில்லை. நிற்கவே முடியாதவர்களுக்கு அது தேவை. நிற்க முடிந்தவர்களை உட்காரவைத்துச் சமநிலை கற்பிப்பது, கரையில் படுக்கவைத்து நீச்சல் கற்பிப்பதைப் போன்றது.

என் சமநிலை எப்படி இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். மருத்துவமனைகளில் பயன்படுத்தப்படும் மூன்று எளிய சோதனைகள் இவை.

முதலாவது, நான்கு நிலைச் சோதனை. பாதங்களை ஒட்டி வைத்து 10 நொடி. ஒரு பாதத்தின் உள்வளைவில் மற்றக் காலின் பெருவிரல் படும்படி 10 நொடி. ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்களைத் தொடும்படி ஒரே கோட்டில் வைத்து 10 நொடி. கடைசியாக ஒற்றைக் காலில் 10 நொடி. எதையும் பிடிக்காமல், கண்ணைத் திறந்தபடி நிற்க வேண்டும். மூன்றாம் நிலையில் 10 நொடி நிற்க முடியாவிட்டால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று கொள்ளலாம்.

இரண்டாவது, எழுந்து நடக்கும் சோதனை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்கார எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை.

மூன்றாவது, 30 நொடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ள வேண்டும். 70 முதல் 74 வயது வரை உள்ள ஆண்கள் 12 முறைக்கும் பெண்கள் 10 முறைக்கும் குறைவாகச் செய்தால் அது சராசரிக்குக் கீழ். எண்ணிக்கையைவிட எழும் விதத்தையே நான் கூர்ந்து பார்ப்பேன். முன்னும் பின்னுமாக இரண்டு முறை ஆடிப் பார்த்து, மூன்றாவது வேகத்தில் எம்பி எழுகிறாரா? உட்காரும்போது கடைசி அரையடியில் தொப்பென்று விழுகிறாரா? இரண்டுமே தொடைத் தசை தளர்ந்திருப்பதைச் சொல்கின்றன.

வீட்டில் செய்யத் தகுந்த பயிற்சிகளைச் சொல்லுங்கள்.

சுவர் மூலைக்கு முதுகைக் காட்டி, எதிரே கனமான நாற்காலி ஒன்றின் முதுகு இருக்கும்படி நின்றால் பாதுகாப்பான இடம் கிடைத்துவிடும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தாங்க ஏதேனும் இருக்கும். சக்கரம் வைத்த நாற்காலி வேண்டாம். தரையில் விரிப்பு வேண்டாம். வெறுங்காலோ, பிடிப்பான அடியுள்ள காலணியோ நல்லது. காலுறை மட்டும் போட்டுக்கொண்டு செய்யக்கூடாது.

நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில் தொடங்கலாம். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு மேல் வரும்வரை முன்னே குனிந்து, பிறகு எழ வேண்டும். எழுவது சுறுசுறுப்பாகவும் உட்காருவது மூன்று எண்ணும்வரை மெதுவாகவும் இருக்கட்டும். கையை ஊன்றாமல் எட்டு முறை எழ முடியவில்லையென்றால், இருக்கையில் கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்திக்கொண்டு தொடங்கலாம்.

அடுத்தது, குதிகால்களை உயர்த்தி நுனிக்காலில் நிற்பது; பிறகு அதற்கு நேர்மாறாக, விரல்களைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது. இரண்டாவதைப் பலர் தேவையற்றதாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். நடக்கும்போது பாதத்தின் முன்பகுதியைத் தரையில் உரசாமல் தூக்கித் தருவது அந்த முன்கால் தசைதான். அது தளர்ந்தவர் வாசற்படியிலும் விரிப்பின் விளிம்பிலும் இடறுகிறார்.

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடப்பது இடுப்பின் பக்கத் தசைகளுக்கு வலுவூட்டும். இடுப்பெலும்பு முறிவுகள் பெரும்பாலும் பக்கவாட்டில் விழுவதால் நேர்பவை என்பதால் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நான்கு நிலைச் சோதனையில் சொன்ன நிற்கும் நிலைகளே பயிற்சியாகவும் பயன்படும்: எந்த நிலையில் தள்ளாட்டம் தொடங்குகிறதோ அங்கே தங்கிப் பழக வேண்டும். கோட்டின் மேல் நடப்பதுபோல் குதிகாலும் விரலும் தொட நடப்பது, பின்னோக்கி நடப்பது, இரண்டு நாற்காலிகளைச் சுற்றி எட்டு வடிவில் நடப்பது ஆகியவை அடுத்த கட்டம். எட்டு வடிவ நடையை எளிதாக எண்ண வேண்டாம். நேராக நடக்கும்போது விழாதவர்கள்கூடத் திரும்பும்போது கால் பின்னி விழுகிறார்கள்.

வாரத்துக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் சமநிலையையும் தசைவலுவையும் மையமாகக் கொண்ட பலவகைப் பயிற்சிகளை வாரத்தில் 3 நாளோ அதற்கு மேலோ செய்ய வேண்டும் என்கிறது. இதய நலனுக்கான 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு இதற்குப் புறம்பானது அன்று. இரண்டும் ஒரே வாரத்துக்குள் அடங்கும். சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், சமநிலைக்கு உண்மையான சவால் தரும் பயிற்சியை வாரத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் செய்தவர்களிடம் பயன் மிகுதியாக இருந்தது என்று கண்டார்கள். மூன்று மணி என்றதும் மலைக்க வேண்டாம். நாளொன்றுக்கு 25 நிமிடம் சற்று மேலே போனால் வாரத்தில் மூன்று மணி வந்துவிடும். அதையும் காலையில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று பிரித்துக்கொள்ளலாம்.

பயன் தருவதாகச் சோதித்து அறியப்பட்ட திட்டங்கள் எவை?

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990-களில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம் இவற்றில் மூத்தது. கால் தசைகளுக்கு வலுவூட்டுவதும் சமநிலை பழக்குவதுமாக 17 பயிற்சிகள் அதில் உண்டு. கணுக்காலில் எடைப்பட்டை கட்டி, ஒரு தடவைக்கு அரை மணி நேரம் வீதம் வாரம் மூன்று முறை செய்கிறார்கள். அதோடு வாரம் இரண்டு நாள் நடை. பயிற்சியாளர் சில முறை வீட்டுக்கு வந்து கற்றுத்தந்து எடையைக் கூட்டிவிட்டுப் போக, மற்ற நாள்களில் முதியவர் தாமே செய்கிறார். இத்திட்டம் பற்றிய சோதனைகளில் விழுதல் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தது. அதிகப் பயன் பெற்றவர்கள் 80 வயதைத் தாண்டியவர்கள் என்பதை, "எனக்கு இனிமேல் என்ன பயிற்சி" என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டும்.

சீனாவின் தாய் சி இன்னொன்று. முழங்காலைச் சற்று மடக்கி, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மிக மெதுவாக மாற்றிக்கொண்டே போகும் அந்த அசைவுகள், மேலே சொன்ன எடை நகர்த்தலின் நேர்த்தியான வடிவம். 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான சோதனையில், சமநிலைக்கென்றே அமைக்கப்பட்ட தாய் சி வகுப்புக்கு வாரம் இருமுறை 24 வாரம் வந்தவர்கள், தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட 58 விழுக்காடு குறைவாக விழுந்தார்கள். தசை நீட்டுதல் தனியாக நின்றால் எவ்வளவு பின்தங்குகிறது என்பதையும் இது காட்டுகிறது.

தனியே நேரம் ஒதுக்க மாட்டேன் என்பவர்களுக்கு மூன்றாவது வழி. அன்றாட வேலைகளுக்குள்ளேயே பயிற்சியைப் புகுத்தும் திட்டம் ஒன்றை ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். பல் துலக்கும்போது ஒரு காலின் முன்னே மறுகாலை வைத்து நிற்பது, கீழே உள்ள பொருளை இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுப்பது, கதவு திறக்கக் காத்திருக்கும்போது நுனிக்காலில் நிற்பது என்று அது போகும். ஏற்கெனவே விழுந்திருந்த 317 பேரிடம் செய்து 2012-இல் வெளியான முடிவுகளில் விழுதல் 31 விழுக்காடு குறைந்திருந்தது. வகுப்புக்குச் சேர்ந்து மூன்றாம் வாரம் நின்றுவிடும் சுபாவம் உள்ளவர்களுக்கு இதையே நான் முதலில் சொல்வேன்.

யோகாசனம் செய்கிறேன். அது கணக்கில் வருமா?

நின்றபடி செய்யும் ஆசனங்களும் ஒற்றைக்கால் ஆசனங்களும் கண்டிப்பாக வரும். மூச்சுப் பயிற்சியும் உட்கார்ந்தும் படுத்தும் செய்பவையும் வேறு பல நன்மைகளைத் தரலாம், ஆனால் சமநிலைக் கணக்கில் வராது.

அம்மா ஒருமுறை விழுந்த பிறகு எழுந்து நடக்கவே பயப்படுகிறார். என்ன செய்வது?

விழுந்த காயம் ஆறிவிடும். பயம் ஆறுவதற்குத்தான் நாள் பிடிக்கும். பயத்தால் நடமாட்டம் குறைகிறது, நடமாட்டம் குறைவதால் தொடை மெலிகிறது, தொடை மெலிவதால் அடுத்த விழுதல் நெருங்குகிறது. நடந்தாலும் சுவரைத் தடவிக்கொண்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார். அந்த நடையே தடுக்கி விழவைக்கும்.

பிள்ளைகளும் இதில் ஒரு பங்கு வகிக்கிறார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்" என்பது அன்பான சொல்தான். நாள் முழுக்க அதையே கேட்கும் அம்மா, நாளைக்கு நாற்பது முறை எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தவர், நாலு முறை மட்டும் எழுகிறார். அவர் செய்யும் வேலையைப் பிடுங்குவதைவிட, அவர் அதைச் செய்யும்போது ஒரு கை தூரத்தில் நிற்பது நல்லது. முதல் நாளே ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லாமல், அவருக்கு நிச்சயம் முடியும் என்று தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார்வது பெரும்பாலும் பொருத்தமாக இருக்கும். துணைக்கு நிற்பவர் முன்னால் நின்று இரு கைகளையும் பிடித்து இழுக்கக்கூடாது. பக்கத்தில், சற்றுப் பின்னே, இடுப்புக்கருகே கையை வைத்து ஆனால் தொடாமல் நிற்க வேண்டும்.

நடக்கும்போது பேச்சுக் கொடுத்தால் அப்பா நின்றுவிடுகிறார். இதில் ஏதேனும் பொருள் உண்டா?

உண்டு. சுவீடனில் முதியவர்களுக்கான இல்லம் ஒன்றில் 58 பேரை இப்படியே கவனித்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் 12 பேர் நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். 1997-இல் வெளிவந்த அந்தச் சிறு ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. நடை தானாக நடப்பதாக நாம் நினைத்தாலும், சமநிலை குறைந்தவர்களுக்கு அதற்கே கவனம் முழுவதும் செலவாகிறது. பேச்சுக்கு மிச்சம் இருப்பதில்லை. ஆகவே படியிலோ ஈரத் தரையிலோ இருக்கும்போது அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். பாதுகாப்பான இடத்தில், சமநிலை ஓரளவு தேறிய பிறகு, நடந்துகொண்டே நூறிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்வது, தண்ணீர்க் குவளையைத் தளும்பாமல் எடுத்துப் போவது என்று இரட்டை வேலையையே பயிற்சியாக்கலாம்.

யார் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும்?

காரணம் தெரியாமல் விழுந்தவர்கள், விழும்போது நினைவு தப்பியவர்கள், ஓராண்டில் இரண்டு முறையோ அதற்கு மேலோ விழுந்தவர்கள், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள், தலைசுற்றல் உள்ளவர்கள். இவர்களிடம் பயிற்சிக்கு முன் தேட வேண்டிய காரணங்கள் இருக்கலாம். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 20-உம் கீழ் எண் 10-உம், அல்லது இவற்றில் ஒன்றேனும், குறைந்தால் அதுவே கிறுகிறுப்பின் காரணமாக இருக்கலாம். படுத்தும் நின்றும் இரு முறை அளந்தால்தான் அது தெரியும். தூக்க மாத்திரைகளும், மனஅழுத்தத்துக்கான சில மருந்துகளும் விழும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது பயனுள்ள வேலை. தாமாக எதையும் நிறுத்தக்கூடாது.

பக்கவாதம் வந்தவர்களுக்கும் பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் மறதி நோய் உள்ளவர்களுக்கும் பயிற்சி தேவைதான். ஆனால் பொதுவான பட்டியலைப் பார்த்துச் செய்யாமல், நேரில் பார்த்து வகுத்துத்தரும் இயன்முறை மருத்துவரிடம் போவது நல்லது.

முழங்கால் வலி இருக்கிறது. எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்யலாமா?

இருக்கையை உயர்த்திக்கொண்டு செய்யலாம். பயிற்சியின்போது சிறிது வலி கூடி, சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பினால் தொடரலாம். மறுநாள் காலையிலும் வலி கூடுதலாகவே இருந்தாலோ முழங்கால் வீங்கினாலோ எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும். தொடைத் தசை வலுவடையும்போது வலி குறைவதைப் பலர் காண்கிறார்கள்.

பயிற்சி தவிர வேறு என்ன செய்யலாம்?

கண்புரை இருந்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளலாம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி அணிபவர்கள் படியிறங்கும்போது, படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பாதத்தைப் பார்க்க நேர்கிறது. படி மங்கித் தெரியும். வெளியில் அதிகம் நடமாடுபவர்கள் தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்வது உதவும். படுக்கைக்கும் கழிவறைக்கும் இடையே இரவு விளக்கு, குளியலறையில் சுவரோடு பதித்த கைப்பிடி ஆகியவை செலவைவிடப் பலமடங்கு பயன் தருபவை. துண்டு மாட்டும் கம்பியைக் கைப்பிடியாக நம்ப வேண்டாம். அது உடல் எடையைத் தாங்காது.

எத்தனை நாளில் மாற்றம் தெரியும்? இடையில் நிறுத்தினால் என்ன ஆகும்?

எழுந்து உட்காருவது சில வாரங்களிலேயே எளிதாகும். விழுதல் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு வர, ஆறு மாதமாவது தொடர்ந்து செய்வதாக நினைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். நிறுத்தினால் பெற்றது கரையும். காய்ச்சலாலோ பயணத்தாலோ இரண்டு வாரம் விட்டுப்போனவர்கள், விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு படி கீழே இறங்கித் தொடங்க வேண்டும். ஒரு விரலில் நின்றவர் மீண்டும் விரல் நுனிகள் அனைத்தையும் வைத்துக்கொள்ளலாம்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்?

வலுக்குறைந்த காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். கை இயல்பாகத் தொங்கும்போது தடியின் பிடி மணிக்கட்டின் மடிப்பு உயரத்தில் இருக்க வேண்டும். தடியும் வலுக்குறைந்த காலும் ஒன்றாக முன்னே போகும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டதா என்று மாதம் ஒருமுறை திருப்பிப் பார்க்கவும்.

இத்தனைக்கும் பிறகு விழுந்துவிட்டால்?

உடனே எழ முயலக்கூடாது. பதறித் தூக்கிவிடுவதும் கூடாது. ஒரு நிமிடம் அப்படியே கிடந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, எங்கே வலிக்கிறது, கைகால்களை அசைக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இடுப்பிலோ கழுத்திலோ கடும் வலி இருந்தாலும், ஒரு கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் அசையாமல் உதவிக்கு அழைக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், தலையில் இலேசாக அடிபட்டிருந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காயம் இல்லையென்றால் எழும் முறை இது: பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, கைகளும் முழங்கால்களும் தரையில் படும் நிலைக்கு வந்து, அருகில் உள்ள உறுதியான நாற்காலிவரை தவழ்ந்து போகவும். இரு கைகளையும் இருக்கையில் ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்னே கொண்டுவந்து தரையில் பதித்து, கைகளாலும் அந்தக் காலாலும் உந்தி எழுந்து, உடலைத் திருப்பி அதே நாற்காலியில் உட்காரவும். சில நிமிடம் உட்கார்ந்த பிறகே நிற்கவும்.

இதை விழுந்த அன்று முதன்முதலாகச் செய்து பார்க்கக்கூடாது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது, மெத்தை விரித்த தரையில் முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டும். காயமே இல்லாமல் விழுந்து, எழத் தெரியாததால் மணிக்கணக்கில் தரையில் கிடந்தவர்களுக்கு உடலில் நீர் வற்றுவதும் தோல் புண்ணாவதும் தசை சிதைவதும் நேர்கின்றன. தனியாக வசிப்பவர்கள் கைபேசியை மேசைமேல் வைக்காமல் கழுத்திலோ சட்டைப்பையிலோ வைத்துக்கொள்ளட்டும், குளியலறைக்குப் போகும்போதும்.